செவ்வாய் மட்டும்

ஆகஸ்ட் 20, செவ்வாய்

இன்று பதிவுத் தபாலில் ஒரு நோட்டீஸ் வந்தது. நான் டாக்டராகிவிட்டேன் என்று அதில் போட்டிருக்கிறார்கள்.

அப்படியே எழுதவில்லை. "மருந்தாளுநர் திருமதி கு. தவமணி, பதிவு பெற்ற மருத்துவருக்குரிய அதிகாரத்தைத் தாமே கையில் எடுத்துக்கொண்டு நோயாளிக்கு மருந்து பரிந்துரைத்ததாக" என்று நீட்டி முழக்கியிருக்கிறார்கள். புகார் கொடுத்தவர் டாக்டர் சிவப்பிரகாசம். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற ஆஸ்பத்திரியின் மூட்டுவலி டாக்டர். எங்கள் கடைக்கு வருகிற சீட்டில் பாதி அந்த ஆஸ்பத்திரிச் சீட்டுதான். ஆதாரமாக நோயாளி மயிலாத்தாள் சொன்னது ஒரே வரி: "மெடிக்கல் அம்மிணிதான் எழுதிக் குடுத்தாங்க."

படித்துவிட்டு நான் சிரித்தேன். கடை முதலாளி மோகனசுந்தரம் அண்ணன் சிரிக்கவில்லை.

"என்ன தவமணி, நெசமாலுமே எழுதிக் குடுத்தியா?"

"கவர் மேல எழுதுனனுங்ணா. எல்லாருக்குந்தான் எழுதறேன். காலைல ஒண்ணு, சாப்பிட்டு ஒண்ணுன்னு."

"அதத்தான் அந்தம்மா சொல்லியிருக்குதா?"

"வேறென்னத்தச் சொல்லப் போகுது?"

எங்கள் காங்கேயத்தில் எழுதிக் கொடுப்பது என்றால் இரண்டு விஷயம். டாக்டர் சீட்டில் மருந்து எழுதுவதும் எழுதிக் கொடுப்பதுதான். நாங்கள் மாத்திரையைக் காக்கிக் கவரில் போட்டு, எப்போது விழுங்க வேண்டும் என்று பேனாவால் குறிப்பதும் எழுதிக் கொடுப்பதுதான். மயிலாத்தா சொன்னது இரண்டாவது. அங்கே புரிந்துகொண்டது முதலாவது. இதைப் போய்ச் சொன்னால் சோலி முடிந்தது. செப்டம்பர் பத்தாம் தேதி திருப்பூர் அலுவலகத்தில் விசாரணை.

சொல்லத் தவறினால் என் பதிவு போகும். கடைச் சுவரில் இருபத்திரண்டு வருடமாகத் தொங்குகிற சான்றிதழ் கீழே இறங்கும். அதற்குப் பிறகு ஒரு பாரசிட்டமால்கூட நான் எடுத்துக் கொடுக்கக் கூடாது.

என் வீட்டுக்காரர் குணசேகரன் அரசு பஸ் கண்டக்டர். பொங்கலுக்கு யூனியனில் கொடுத்த டைரி சும்மாதான் கிடந்தது. "நாள், நேரம் எல்லாத்தையும் இதுல எழுதி வை தவம், பின்னால உதவும்" என்றார். எழுதுகிறேன். எழுதாதே என்று யாராவது சொன்னால்தான் எனக்குக் கை பரபரக்கும்.

ஆகஸ்ட் 21, புதன்

காலையில் இரண்டு மணி நேரம் கரண்ட் இல்லை. இன்சுலின் எல்லாவற்றையும் ஐஸ் பெட்டிக்கு மாற்றி, கரண்ட் வந்ததும் திரும்ப ஃபிரிட்ஜில் அடுக்கினேன்.

நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு ப்ளவுஸ் தைக்கக் கொடுக்க வேண்டும். கரூர் ரோட்டிலேயே கொடுத்துவிடலாமே, பக்கம்தானே என்றார் என் வீட்டுக்காரர். அந்தத் தெருவுக்கு நான் போவதில்லை. தாராபுரத்தில் கொடுத்துக்கொள்கிறேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

மயிலாத்தா வந்தாள். தேங்காய்க் களத்தில் கொப்பரைப் பருப்பு உடைக்கிறவள். ஐம்பது வயது இருக்கும். முடக்குவாதத்தில் விரல் கணு ஒவ்வொன்றும் புடைத்திருக்கும். கடைப் படியிலேயே அழ ஆரம்பித்துவிட்டாள்.

"நான் நல்லதுதானுங்க அம்மிணி சொன்னேன். முப்பது மாத்திர எங்கேன்னு டாக்டரு கேட்டாருங்க. நாலுதானுங்க குடுத்தாங்க, மெடிக்கல் அம்மிணிதான் எழுதிக் குடுத்தாங்கன்னேன். அதுக்குப் போயி உங்கள ஆபீசுக்குக் கூப்புடறாங்களாமே. என்ற வாயில மண்ணப் போட."

"உங்க வாயில ஒண்ணும் போட வேண்டாம். கைல என்ன?"

புதுச் சீட்டு. பத்து நாள் முன்னால் கொடுத்தது. ஆஸ்பத்திரியிலேயே வாங்கச் சொன்னார்களாம். "நம்ம அம்மிணி பாக்காத மாத்திரய நான் முழுங்கறதில்லீங்க" என்று மடியில் முடிந்து வைத்திருந்திருக்கிறாள். பிரித்துப் பார்த்தேன். போன தடவை வந்த அதே தப்பு, எழுத்துக்கு எழுத்து.

இப்போது ஒன்றை எழுதியாக வேண்டும். செவ்வாய்க்கிழமை அண்ணனிடம் நான் சொன்னது முழுசு இல்லை.

ஜூன் மாதத்திலிருந்து அந்த ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் சீட்டு. மருந்துப் பெயருக்குப் பக்கத்தில் மூன்று கட்டம்: காலை, மதியம், இரவு. கிழமைக்குக் கட்டமே கிடையாது. மூட்டுவலிக்குக் கொடுக்கிற மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே ஒரு நாள் விழுங்க வேண்டிய மாத்திரை. தினமும் விழுங்கினால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்தம் கெட்டு, ஆள் போய்விடும். ஜூலை 13-ம் தேதி மயிலாத்தா கொண்டுவந்த சீட்டில் அந்த மருந்துக்கு நேராகக் காலைக் கட்டத்தில் ஒன்று, பக்கத்தில் முப்பது நாள் என்று அச்சாகியிருந்தது.

மூன்று தடவை ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். டாக்டர் பிஸி என்றாள் கவுண்ட்டர் பெண். மூன்றாவது தடவை, "சீட்டுல இருக்கறதக் குடுங்க மேடம், அதுக்குத்தான் சீட்டு" என்று வைத்துவிட்டாள். மயிலாத்தாவுக்குக் களத்து வண்டி கிளம்பிக்கொண்டிருந்தது. "வாரத்துல எந்தக் கிழமைய மறக்க மாட்டீங்க?" என்று கேட்டேன். செவ்வாய் என்றாள், மாரியம்மன் கோயிலுக்கு விளக்குப் போடுகிற நாளாம். முப்பதுக்குப் பதில் நாலு மாத்திரை எண்ணிப் போட்டுக் கவரில் எழுதினேன்: செவ்வாய் மட்டும். மட்டும் என்பதற்குக் கீழே இரண்டு கோடு.

ஆக, மயிலாத்தா சொன்னது சரி. சீட்டில் இருந்ததை மாற்றி நான்தான் எழுதிக் கொடுத்தேன்.

இன்று போனில் கத்தினேன். டாக்டர் வராமல் போனை வைக்க மாட்டேன், வைத்தால் நேரில் வந்து உட்காருவேன் என்றேன். வந்தார். சீட்டைப் படித்துக் காட்டினேன்.

"வாரம் ஒண்ணுதான். வாரம் ஒண்ணு குடுங்க."

"அதத்தானுங்க நான் போன மாசம் குடுத்தேன். நீங்க புகார் எழுதிட்டீங்க. வேற யாருக்கெல்லாம் இப்படிச் சீட்டுப் போயிருக்குது?"

வைத்துவிட்டார். இரண்டு சீட்டையும் செல்போனில் படம் எடுத்துக்கொண்டேன். மயிலாத்தாவுக்கு நாலு மாத்திரை கொடுத்து, கவரில் பழையபடியே எழுதினேன்.

ஆகஸ்ட் 24, சனி

ஊரில் இருக்கிற மற்ற கடைகளுக்குப் போன் போட்டேன். ஒன்பது கடை. இந்த மருந்து தினமும் என்று சீட்டு வந்தால் கொடுக்காதீர்கள் என்று சொன்னேன். இரண்டு பேர் சரியென்றார்கள். ஒருத்தன், "ஏனுங்க்கா, நீங்க எப்பக் கிளினிக் தொறந்தீங்க?" என்று கேட்டுச் சிரித்தான். ஐந்து கடையில் பேசியவர்களுக்கு அந்த மருந்தின் பெயரே வாயில் நுழையவில்லை. அங்கெல்லாம் சுவரில் சான்றிதழ் மட்டும் இருக்கிறது, சான்றிதழுக்கு உரியவர் எந்த ஊரில் இருக்கிறாரோ. ஒரு கடையில் எடுக்கவே இல்லை.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

அவருக்கு இன்று ஆஃப். கொள்ளுப் பருப்பு கடைந்தேன். சாப்பிட உட்கார்ந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன்.

"தவம், நீ கண்டக்டர் மாதிரி. டிக்கெட் கிழிக்கலாம். வண்டிய ஓட்டக் கூடாது."

"டிரைவர் தூங்கி, வண்டி கெணத்தப் பாத்துப் போனா?"

"விசில் அடிப்பேன்."

"மூணு தடவ அடிச்சேன்."

ரசத்தை ஊற்றிக்கொண்டே யோசித்தார். "செரி, நீ மாத்திர குடுக்காமயே திருப்பி அனுப்பியிருக்கலாமல்ல? டாக்டரக் கேட்டுட்டு வாங்கன்னு. சட்டப்படி அதுதான?"

"கூட்டமா இருந்துச்சு. தோணல."

அவர் என்னைப் பார்த்தார். பாத்திரத்தைக் கழுவி வைத்தேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

மயிலாத்தா இன்று மாத்திரை விழுங்கியிருப்பாள்.

ஆகஸ்ட் 28, புதன்

என்னோடு டிப்ளமோ படித்த ஜெசிந்தா கனடாவிலிருந்து வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். நோட்டீஸ் விஷயம் அவளுக்கு எப்படிப் போனதோ. "இங்க நாங்களே எழுதுறோம்டி. சின்னச் சின்ன வியாதிக்கெல்லாம் பார்மசிஸ்ட்டே எழுதலாம்னு சட்டம் இருக்கு. தனி ரூம், தனி நாற்காலி. நீ இங்க வந்துரு."

எனக்கு நாற்காலி வேண்டாம். நான் ஒன்றும் சளிக்கும் இருமலுக்கும் எழுதிக் கிழிக்க ஆசைப்படவில்லை. தப்பாக இருக்கிற சீட்டைத் தப்பு என்று சொல்ல, டாக்டர் கிடைக்கிற வரைக்கும் நிறுத்தி வைக்க, பாதுகாப்பானதை மட்டும் கொடுக்க ஒரு வரி அதிகாரம் போதும். மருந்தைப் படித்தவள் என்பதற்காகத்தானே சான்றிதழ் கொடுத்துக் கடையில் உட்கார வைத்தார்கள்? எழுதக் கூடாது என்றால் படிக்கவும் கூடாதா?

இதை ஜெசிந்தாவுக்கு அனுப்பவில்லை. "சாப்பிட்டியாடி" என்று மட்டும் அனுப்பினேன்.

செப்டம்பர் 1, ஞாயிறு

கடை திறப்பதற்கு முன்னால் அண்ணன் டாக்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பாதி ஷட்டர். ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். டாக்டர் உட்காரவில்லை. முகம் வாடித்தான் இருந்தது.

"தவமணி, புகார் நான் கோவத்துல குடுத்தது. நாலு மாத்திரைன்னு கேட்டதும் கடையில ஏதோ விளையாடறாங்கன்னு நெனச்சுட்டேன். முப்பதுன்னு இருந்ததே தப்புன்னு என் சீட்டை நான் திருப்பிப் பாக்கலை. அதுதான் உண்மை."

"அத அப்படியே எழுதிக் குடுத்துருங்க டாக்டர். முடிஞ்சுரும்."

அண்ணன் இருமினார். டாக்டர் பையிலிருந்து டைப் அடித்த காகிதத்தை எடுத்தார். ஜூலை 13-ம் தேதி டாக்டர் தொலைபேசியில் சொன்னபடியே, வாரம் ஒரு நாள் என்று நான் கவரில் குறித்ததாகவும், "எழுதிக் கொடுத்தார்" என்று நோயாளி சொன்னதைப் புகாரில் தவறாகப் புரிந்துகொண்டதாகவும் இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டுவிட்டார். என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"நீங்க போன்ல பேசுனது ஆகஸ்ட் 23."

"பேசினது பேசினதுதானே. தேதிதான் கொஞ்சம் முன்னப்பின்ன."

கெட்டிக்காரர். பொய் என்று பார்த்தால் அதில் ஒரு தேதி மட்டும்தான். நானும் தப்பிப்பேன், அவரும் தப்பிப்பார், அண்ணனுக்கும் சீட்டு வருவது நிற்காது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு உடனே வாய் வரவில்லை என்பதையும் எழுதி வைக்கிறேன்.

"தினமும்னு போட்ட சீட்டு எத்தன பேருக்குப் போயிருக்குதுங்க?"

"கம்ப்யூட்டர்ல மாத்தச் சொல்லிட்டேன். ரெண்டு நாள்ல சரியாயிடும். இனிமே வராது."

"இனிமே வராதது செரிங்க. முன்னால போனது?"

"லிஸ்ட் எடுக்கணும்னா மேனேஜ்மென்ட்டக் கேக்கணும். ஏன்னு கேப்பாங்க. நான் அங்க சேர்ந்தே ஒரு வருஷந்தான் ஆகுது."

"நீங்க லிஸ்ட் எடுங்க. ஒவ்வொருத்தருக்கும் போன் போடுங்க. போட்டுட்டேன்னு வந்து சொல்லுங்க. இந்தக் காகிதத்துல இப்பவே கையெழுத்துப் போடறேன், பொய்யானாலும் பரவால்ல."

டாக்டர் என்னைப் பார்த்தார், பிறகு வாசலைப் பார்த்தார். "அது என்னால முடியாதும்மா."

"அப்ப இது என்னாலயும் முடியாதுங்க டாக்டர்."

காகிதத்தை வைத்துவிட்டுப் போனார். அண்ணன் சாயங்காலம் வரை கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். கடை அடைக்கும்போது, "உன்ற ரோசத்துல என்ற கடையும் சேந்து போகுது, நாபகம் வச்சுக்கோ" என்றார். ஞாபகம் இருக்கிறது. அவர் கடையில் இருபத்திரண்டு வருடம் நின்றவள் நான். எனக்கு மட்டும் வலிக்காதா?

செப்டம்பர் 3, செவ்வாய்

வீட்டுக்காரர் இன்று கேட்டார், "அன்னிக்குக் கூட்டமா இருந்துச்சுன்னு சொன்னயே, நெசமா?"

இல்லை. ஜூலை 13 மத்தியானம் கடையில் மயிலாத்தாவைத் தவிர ஒரு ஈ காக்கை இல்லை.

கரூர் ரோட்டில் டெய்லர் கடை வைத்திருந்தாள் லோகநாயகி. என் ப்ளவுஸ் எல்லாம் அவள் தைத்ததுதான். கையை மட்டும் கொஞ்சம் இறுக்கித் தைப்பாள், கேட்டால் நான் குண்டாகிவிட்டேன் என்பாள். இரண்டு வருடம் முன்னால், தோலில் செதில் செதிலாக வருகிற வியாதிக்கு வெளியூர் டாக்டர் இதே மருந்தை எழுதியிருந்தார். கையால் எழுதிய சீட்டு, தினமும் என்றுதான் படிக்க முடிந்தது. எனக்குச் சந்தேகம். நான் சட்டப்படி நடந்தேன். மாத்திரையைக் கொடுக்கவில்லை. "டாக்டரக் கேட்டு எழுதி வாங்கிட்டு வா லோகு" என்று திருப்பி அனுப்பினேன். வாரத்துக்கு ஒன்றுதான் விழுங்க வேண்டும் என்று சொன்னேனா என்று எத்தனையோ தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். சொல்லவில்லை. டாக்டர் எழுதியதற்கு மாற்றாகச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை என்று வாயை மூடிக்கொண்டேன்.

அவள் டாக்டரைக் கேட்கவில்லை. நாலு கடை தள்ளிப் போய் வாங்கிக்கொண்டாள். பன்னிரண்டு நாள் விழுங்கினாள். வாய் வெந்து, தண்ணீர்கூட இறங்காமல், கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் உயிரை விட்டாள். என் மேல் ஒருத்தரும் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்ல என்ன இருக்கிறது? சட்டப்படி நான் சுத்தம்.

இதை அவரிடம் இன்றுதான் முதல்முறையாகச் சொன்னேன். சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்துக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, "பத்தாந்தேதிக்கு லீவு போடறேன். நானும் வாரேன்" என்றார்.

செப்டம்பர் 9, திங்கள்

டாக்டர் கொடுத்த காகிதத்தை நான் கிழிக்கவில்லை. பையில் வைத்திருக்கிறேன். ஏன் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

அலுவலகத்தில் மூன்று பேர். பெரிய அலுவலர், கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டிருந்தார். மருந்து ஆய்வாளர் நஸ்ரின், முப்பது வயதுக்குள் இருக்கும் பெண். எழுதுவதற்கு ஒரு கிளார்க். மயிலாத்தாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். டாக்டர் வரவில்லை, அவருடைய காகிதத்தின் நகல் மட்டும் ஃபைலில் இருந்தது.

முதலில் மயிலாத்தா. அலுவலர் அன்பாகத்தான் கேட்டார். அவள் கேள்வி முடிவதற்குள் பிடித்துக்கொண்டாள்.

"அம்மிணி எதுவுமே எழுதலீங்க சாமி. அவங்களுக்கு எழுதவே தெரியாதுங்க."

அவள் கையில் இரண்டு காக்கிக் கவர், இரண்டிலும் என் எழுத்து. நஸ்ரின் தலையைக் குனிந்துகொண்டு சிரிப்பை அடக்கினாள். நான் மயிலாத்தாவின் விரல்களையே பார்த்தேன். அந்த விரலோடு இரண்டு பஸ் மாறி, எனக்காகப் பொய் சொல்ல வந்திருக்கிறாள்.

பிறகு நான். அலுவலர் கண்ணாடியைக் கீழே இறக்கினார்.

"டாக்டரே போன்ல சொன்னதா எழுதியிருக்காரு. கவர் மேல நீங்க குறிச்சதைத்தான் அந்தம்மா எழுதிக் குடுத்தாங்கன்னு சொல்லியிருக்கு. அவ்வளவுதானேம்மா?"

நான் தப்பித்துப் போகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்ற மாதிரி, பாவம். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் மூன்று மணி பஸ்ஸில் ஊர் திரும்பிவிடலாம். பையில் அந்தக் காகிதம் இருந்தது. ஏன் கிழிக்காமல் வைத்திருந்தேன் என்று அப்போது தெரிந்தது. எடுத்து மேஜையில் வைத்தேன், கையெழுத்து இல்லாமல்.

"இல்லீங்க சார். அன்னிக்கு டாக்டர் போன்ல வரல. நான் மூணு தடவ போட்டேன், நேரம் செல்போன்ல இருக்குது. அவரு பேசுனது ஆகஸ்ட் 23. சீட்டுல தினமும்னு இருந்துச்சு. அத மாத்தி நான்தான் எழுதிக் குடுத்தேன். கவர்லயும் எழுதுனேன், மருந்தயும் எழுதுனேன். நீங்க எந்த அர்த்தத்துல கேட்டாலும் எழுதுனேன்."

இரண்டு சீட்டின் படத்தையும் அச்செடுத்து வைத்திருந்தேன். கொடுத்தேன். நஸ்ரின் வாங்கிப் படித்தாள். படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"இது உங்களுக்கு எதிரா நீங்களே குடுக்கற சாட்சிம்மா" என்றார் அலுவலர். "இதை நான் எழுதிக்கிட்டா அப்புறம் என் கையில இல்லை."

"எழுதிக்கங்க சார். கூடவே இன்னொண்ணும் எழுதிக்கங்க. இதே மாதிரிச் சீட்டு வேற யாருக்கெல்லாம் போச்சோ எனக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர்ல இருக்குது. நான் கேட்டாக் குடுக்க மாட்டாங்க. நீங்க கேட்டாக் குடுப்பாங்க. என்ற பதிவ எப்ப வேணும்னாலும் எடுத்துக்கங்க, அத இன்னிக்கே கேளுங்க."

கிளார்க் எழுதி முடித்துக் கையெழுத்துக்கு நீட்டினார். படித்தேன். "மருந்தைத் தாமே மாற்றிப் பரிந்துரைத்ததாக ஒப்புக்கொண்டார்" என்று இருந்தது.

"இந்த 'ஒப்புக்கொண்டார்' வேண்டாமுங்க. ஒப்புக்கிறது குத்தத்த. நான் குத்தம் எதுவும் ஒப்புக்கல. 'தெரிவித்தார்'னு போடுங்க."

கிளார்க் அலுவலரைப் பார்த்தார். அலுவலர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். அடித்து, மேலே "தெரிவித்தார்" என்று எழுதிய பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வராந்தாவில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். என்ன ஆச்சு என்று கேட்டார். "விசில் அடிச்சுட்டேன்" என்றேன். மூன்று பேரும் பேக்கரியில் டீ குடித்தோம். மயிலாத்தா பன்னை டீயில் நனைத்துக்கொண்டே, "நான் செரியாத்தானுங்க அம்மிணி சொன்னேன்?" என்று கேட்டாள்.

செப்டம்பர் 13, வெள்ளி

நஸ்ரின் கடைக்குப் போன் செய்தாள். விசாரணை முடிந்த மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போய் லிஸ்ட் எடுத்துவிட்டார்களாம். தினமும் என்று சீட்டுப் போனது பதினோரு பேருக்கு. நாலு பேர் மருந்தே வாங்கவில்லை. மூன்று பேருக்கு முன்பே பழக்கமான மருந்து, சீட்டில் என்ன இருந்தாலும் வாரம் ஒன்றுதான் விழுங்கியிருக்கிறார்கள். இரண்டு பேருக்கு, நான் போன் போட்டுச் சரியென்ற கடைகளில் நிறுத்தி வைத்திருந்தார்கள். பத்தாவது ஆள் மயிலாத்தா.

பதினோராவது ஆள் வெள்ளகோவில் பக்கம் ஒரு தறி ஓட்டுகிறவர். ஆகஸ்ட் கடைசியில் வாங்கிய சீட்டு. மாத்திரை வாங்கி ஆரம்பித்தது செப்டம்பர் இரண்டு. இவர்கள் போய்ப் பார்த்தபோது ஒன்பது நாள் விழுங்கியிருந்தார். வாயில் புண் வந்திருக்கிறது, சூடு என்று நினைத்து மோர் குடித்துக்கொண்டிருந்திருக்கிறார். ஆம்புலன்ஸில் ஏற்றி கோயம்புத்தூர் அனுப்பினார்களாம்.

"பொழைச்சுக்குவாருன்னு சொல்றாங்க மேடம்" என்றாள் நஸ்ரின். "உங்க ஃபைல் மேல போயிருச்சு. அதை நிறுத்த எனக்கு அதிகாரம் இல்லை."

"பரவால்லம்மா. அதிகாரம் இல்லாததச் செஞ்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்."

போனை வைத்துவிட்டு மருந்து அலமாரிக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். லோகு, லோகு என்று வாய்விட்டே சொன்னேன்.

அக்டோபர் 1, செவ்வாய்

உத்தரவு வந்துவிட்டது. டிசம்பர் 31 வரை மூன்று மாதம் பதிவு நிறுத்தம். என் நோக்கம் நல்லது என்று ஒரு வரி இருக்கிறது. நோக்கம் எதுவானாலும் அதிகாரம் இல்லை என்று அடுத்த வரி. ஆஸ்பத்திரிக்கும் தனியாக நோட்டீஸ் போயிருக்கிறதாம்.

அண்ணனே ஸ்டூல் போட்டு ஏறிச் சான்றிதழை இறக்கினார். அந்த ஆஸ்பத்திரிச் சீட்டோடு இப்போது மயிலாத்தாவைத் தவிர யாரும் எங்கள் கடைக்கு வருவதில்லை. கண்ணாடியைத் துடைத்து, பழைய நாளிதழில் சுற்றி என் கையில் கொடுத்தார். ஆணியைப் பிடுங்கட்டுமா என்று கேட்டேன்.

"ஆணி அங்கயே இருக்கட்டும்" என்றார்.

தாராபுரத்திலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருவரைப் போட்டிருக்கிறார். பரவாயில்லை, சான்றிதழோடு ஆளும் வந்து உட்காருகிறார்.

அக்டோபர் 6, ஞாயிறு

கரூர் ரோட்டில் நடந்து போனேன். லோகு கடையில் இப்போது செல்போன் ரிப்பேர். வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன்.

அக்டோபர் 17, வியாழன்

சாயங்காலம் மயிலாத்தா வீட்டுக்கே வந்துவிட்டாள். இன்று டாக்டர் சிவப்பிரகாசத்தைப் பார்த்துவிட்டு வருகிறாளாம். விரல் வீக்கம் கொஞ்சம் வற்றியிருக்கிறது. டம்ளரை ஒரு கையாலேயே பிடித்துக் காபி குடித்தாள்.

புதுச் சீட்டைக் காட்டினாள். காலை, மதியம், இரவுக்குப் பக்கத்தில் நாலாவதாக ஒரு கட்டம் வந்திருக்கிறது. மேலே "கிழமை" என்று அச்சு. எனக்கு எழுந்து ஊரைக் கூட்டலாம் போல இருந்தது. கட்டத்துக்குள் டாக்டரே பேனாவால் எழுதியிருக்கிறார்: வெள்ளி.

வெள்ளி! நான் வைத்த செவ்வாய் அவருக்குப் பிடிக்கவில்லை. சரி, அவர் சீட்டு, அவர் கிழமை. சிரித்துக்கொண்டேன்.

"வெள்ளியே இருக்கட்டும். இனிமே வெள்ளிக்கெழமைல முழுங்குங்க."

"செரிங்க. அப்ப நாளைக்கு ஒண்ணு போட்டுக்கட்டுங்களா?"

சிரிப்பு நின்றுவிட்டது. முந்தாநாள் செவ்வாய். "முந்தாநேத்து முழுங்குனீங்களா?"

"கோயில்ல விளக்குப் போட்டுட்டு, மொத வேல அதானுங்க."

மூன்று நாளில் இரண்டு மாத்திரை. கிழமையை மாற்றியவர் கடைசியாக எப்போது விழுங்கினாய் என்று கேட்கவில்லை. கடையில் புது ஆள் போட்டுக் கொடுத்த கவரை வாங்கிப் பார்த்தேன். சீட்டில் இருந்ததை அப்படியே ஒரு வார்த்தை குறித்திருந்தார்: வெள்ளி. அதற்கு மேல் எழுத அவருக்குப் பயம். பயப்பட வேண்டியதுதான், முன்னால் இருந்தவள் கதி தெரியுமே.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். டாக்டர் கிளம்பிவிட்டார், திங்கட்கிழமை வருவார் என்றாள் கவுண்ட்டர் பெண். அதே குரல்.

"வாய்லயே சொல்லுங்க அம்மிணி, போதும்" என்றாள் மயிலாத்தா. "உங்களுக்குத்தான் எழுதக் கூடாதுன்னு போட்டுட்டாங்களே. நான் நாபகம் வச்சுக்கறேன்."

லோகுவுக்கு நான் வாயால்கூடச் சொல்லவில்லை.

"பேனா அந்த டைரிக்குள்ள இருக்குது, எடுங்க" என்றேன்.

காக்கிக் கவரை மேஜையில் வைத்து நீவினேன். நாளைக்கு வேண்டாம். அடுத்த வெள்ளி, அக்டோபர் 25 முதல். அதற்குப் பிறகு, வெள்ளி மட்டும். மட்டும் என்பதற்குக் கீழே இரண்டு கோடு போட்டேன். ஓரத்தில் இன்றைய தேதியும் போட்டு, கு. தவமணி என்று முழுக் கையெழுத்தும் போட்டேன்.

"யாராச்சும் கேட்டா எழுதவே தெரியாதுன்னு சொல்லிறட்டுங்களா?" என்றாள் மயிலாத்தா.

"வேண்டாம். நான்தான் எழுதிக் குடுத்தேன்னு சொல்லுங்க."